அப்பா ஜெயித்த பட்டிமன்றமும் ஆட்டம் கண்ட உன் கல்யாணமும்

திருவெறும்பூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள நவநீதன் அண்ணனுக்கு,

உன் தங்கை அனுசுயா எழுதுவது. இங்கே அப்பா சௌக்கியம், அவர் தொண்டை அதைவிடச் சௌக்கியம். அம்மா சௌக்கியமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறாள். ராஜஸ்தான் குளிரில் நீ விறைத்துப்போகாமல் இருக்கிறாயா? மாதாமாதம் உனக்கு எழுதும் அம்மா இந்தத் தடவை பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பதால் அவள் வேலையை நான் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, கிழிந்த பனியனைத் தூக்கிப்போடு. அம்மா எழுதுவது இவ்வளவுதான். மற்றது நான் எழுதுவது, யாருக்கும் தெரியாமல். பரீட்சை வருகிறது என்று போனைத் தொடவிடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு நம் பாய்லர் பேக்டரி குவார்ட்டர்ஸில் பட்டிமன்றம் வைத்தார்கள். நாளைய மின்சாரத்துக்கு அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்று தலைப்பு. யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள், அப்பாவுக்கு வேண்டாம் என்று வந்தது. வேண்டும் என்று வந்திருந்தால் அணுமின் நிலையத்தில் என் மகன் என்று உன்னைத் தோளில் தூக்கியிருப்பார், வேண்டாம் என்று வந்ததால் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டார். கழிவை எங்கே வைப்பீர்கள், தலைமுறை தலைமுறையாக யார் காவல் இருப்பது என்று கேட்டார், நல்ல கேள்விதான். எதிரணி டோரதி டீச்சர், நீங்க செய்யிற பாய்லர்ல எரியிற நிலக்கரிப் புகைய யாரு சார் முழுங்குறது, சூரியன் ராத்திரி லீவு போட்டா என்ன பண்ணுவீங்க என்று மடக்கினார், அதுவும் நல்ல கேள்விதான். கைதட்டல் அந்தப் பக்கம் போவதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அணு உலை மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்தா கரண்ட் பில் மிச்சம், ராத்திரியில அவரே எரிவாரு, பேரப்பிள்ளைய மட்டும் எதிர்பாக்காதீங்க என்று ஒரே போடு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். பரிசு எவர்சில்வர் குடம்.

அந்த வீடியோவை அப்பாவே பெருமையாக ஊருக்கெல்லாம் அனுப்பினார். அது பொன்மலைக்கும் போய்விட்டது. உனக்குப் பார்த்திருக்கும் வேணி அக்காவின் அம்மா போன் செய்து, மாப்பிள்ளையப் பெத்தவரே இப்படிச் சொன்னா நாங்க எப்படிங்க பொண்ணு குடுக்கிறது என்று கேட்டார். சீட்டுல வந்த பக்கமுங்க, அதுக்குத் தகுந்தாப்புல பேசினதுங்க என்று அப்பா குழைந்தார். அப்ப அவ்வளவும் பொய்யாங்க என்றார் அவர். குடம் வாங்கிய வாய் அதை ஒத்துக்கொள்ளுமா? உண்மைதாங்க, ஆனா எம் பையனுக்கு அது பொருந்தாதுங்க என்றார் அப்பா. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நேரில் பேச வருகிறார்கள். நீ உலைப் பக்கமே போவதில்லை, வெளியே கேன்டீன் நிர்வாகம் பார்க்கிறாய் என்று சொல்வதாக ஏற்பாடு, நானும் தலையாட்ட வேண்டுமாம். கண்ட்ரோல் ரூம் இன்ஜினியரைச் சாம்பார் வாளிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் பயம் என்னவென்றால், சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதி வரிசையில் வேணி அக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். அவர் தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர் அல்லவா? கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று காட்டும் அட்டையை நீ நெஞ்சில் குத்திக்கொள்வாயே, அதேபோல் அவரும் குத்திக்கொள்கிறாராம். எங்கம்மாவுக்கு எக்ஸ்ரேன்னா பயமில்ல, அணுன்னாதான் பயம் என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. வேலையப் பத்தி எனக்குப் பயமில்ல அனு, உங்க அண்ணன் வாயால கேக்கணும், யாராச்சும் பொய் சொன்னாங்கன்னா நானே வேண்டாம்னுடுவேன் என்றார். நான் வரிசையை விட்டு ஓடிவந்துவிட்டேன். அவரிடம் பேசினேன் என்று தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

வேணி அக்கா நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீயே பேசு. கழிவைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், கைதட்டலுக்குப் பேசாதே. அப்பாவையும் கூப்பிட்டு உன் வேலையை உன் வேலையாகவே சொல்லச் சொல். வயதில் சின்னவள்தான், ஆனாலும் அம்மா இடத்தில் உட்கார்ந்து எழுதுவதால் ஆசீர்வாதம், நன்றாக இரு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பேசிவிடு, மறந்துவிடாதே. நீ பேசாவிட்டால் நான் கூடத்திலேயே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன், அப்புறம் ராஜஸ்தானுக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடுத்து வை.

இப்படிக்கு,
பயந்துகொண்டே,
உன் தங்கை
ர. அனுசுயா