வான்கோழியை யார் உறைய வைத்தது?

திபடோ, லூசியானா
3 டிசம்பர் 1998

அன்புள்ள ஒடீல்,

நலமா? உன் அக்கா லூசி என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் ஷெட்டின் கருகிய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டேன். என் புருவம் மெல்ல முளைக்கிறது. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு வான்கோழிக்காகவா கோபித்துக்கொண்டு போவது? பதற்றத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். வந்துவிடு.

உன் அல்சீட்

லேக் சார்ல்ஸ்
8 டிசம்பர்

அல்சீட்,

நலம். நீ 'ஏதோ' சொல்லவில்லை. தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று, உன் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் முன்னால் சொன்னாய்: "இவதான் கோழிய உருக வைக்காம விட்டுட்டா. உள்ள பூரா ஐஸு. கொதிக்கிற எண்ணெயில போட்டா பொங்கி அடுப்புல ஊத்தித் தீப்பிடிக்காம என்ன செய்யும்?"

ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்து, உருகட்டும் என்று பிரிட்ஜில் வைத்தவள் நான். பீருக்கு இடம் வேண்டுமென்று தூக்கிக் கொல்லை ப்ரீசரில் போட்டு மறந்தவன் நீ. விருந்தன்று காலையில் கோழிக்குள் மசாலா ஏற்றும் ஊசி இறங்கவில்லை என்று முனகினாயே, அப்போதாவது புத்தி வர வேண்டாமா? நீ என்மேல் பழி போட்டபோது உண்மையை அங்கேயே உடைத்திருப்பேன். உன் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டு, இருந்த சாசேஜைப் போட்டு அத்தனை பேருக்கும் கம்போ குழம்பு காய்ச்சினேன். உன் தம்பி பெண்டாட்டி என் தோளைத் தட்டி, "பரவால்ல விடுங்க, அடுத்த வருஷம் கவனமா இருங்க" என்றாள். உடம்பெல்லாம் எரிந்தது.

ஒடீல்

திபடோ
14 டிசம்பர்

அன்புள்ள ஒடீல்,

சரி, நான்தான் மாற்றி வைத்தேன். மன்னித்துவிடு. எழுதியே கொடுத்துவிட்டேன், இன்னும் என்ன வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் தம்பி நோலன் வீட்டில் கூடுகிறார்கள். உன்னைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்ல?

அல்சீட்

லேக் சார்ல்ஸ்
18 டிசம்பர்

அல்சீட்,

என்னிடம் எதற்குச் சொல்கிறாய், எனக்குத்தான் தெரியுமே. அவர்களிடம் சொல்.

ஒடீல்

திபடோ
26 டிசம்பர்

என் ஒடீல்,

சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். பிறகு நோலன் சிரித்தான். "அண்ணே, இது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். பிரிட்ஜு பூரா ஒன் பீரு, ஐஸ் எடுக்கப் போனப்ப கோழி ப்ரீசர்ல கெடந்தத நானே பாத்தேன். நீ மொறைச்சிக்கிட்டு நின்ன, எதுக்கு வம்புன்னு விட்டுட்டோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆக, உன் பேர் கெடவே இல்லை. அடுத்த சனிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன்.

உன் அல்சீட்

லேக் சார்ல்ஸ்
30 டிசம்பர்

அன்புள்ள அல்சீட்,

எழுந்து நின்று சொல்ல உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஆனால் பதினாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் அடுப்படியில் அழுதுகொண்டு நின்றபோது ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்களுக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த மேஜையில் இனி நான் உட்கார மாட்டேன்.

லூசி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்குப் போதும். சனிக்கிழமை வருவதானால் உன் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு வா. என்னை அழைத்துப் போக மட்டும் என்றால், வராதே.

உன் ஒடீல்