விமானத்தில் ஏறாத கருவாடு

அனுப்புநர்:
கோ. முருகானந்தம்,
மேலத் தெரு, சுரக்குடி,
திருநள்ளாறு வழி, காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்:
விமானப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள், சென்னை.
வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், காரைக்கால்.

பொருள்: விமானத்துக்குள் பரவிய வாடைக்கு என் கருவாடே காரணம் என்ற முடிவை நீக்கி, எஞ்சினைச் சோதிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விமானத்தில் அத்தனை பேர் முன்னிலையில் எழுந்து நின்று, "வாடை என் பையிலேர்ந்துதாங்க வருது, கருவாடு வச்சிருக்கேன், மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டவன் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன், விவசாயம் செய்கிறேன். விமானம் ஏறியது அதுவே முதல் முறை. அந்த மன்னிப்பைத் திரும்பப் பெறவே இம்மனுவை எழுதுகிறேன்.

2. என் மகள் எழில்மதி ஒரு தனியார் விமான நிறுவனத்தில் பணிப்பெண். கடந்த ஆவணி மாதம், அவள் வேலை பார்த்த விமானத்திலேயே சென்னையிலிருந்து டெல்லிக்கு என்னை அழைத்துப் போனாள். வேலை நேரத்தில் அப்பா என்று கூப்பிடக்கூடாது போலும், "சார், தண்ணி வேணுங்களா?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை சார் என்றதும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் "தேங்க்ஸ் மேடம்" என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்று இருந்த பெருமைக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

3. விமானம் மேலே ஏறும்போது ஒரு வாடை கிளம்பியது. ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்த காலுறையும், சூடேறிய எண்ணெயும் கலந்தது போல இருந்தது. மகளுக்குப் பிடிக்குமே என்று காரைக்கால் மீன் மார்க்கெட்டில் வாங்கிய வாளைக் கருவாட்டை முதல் நாளே பையில் வைத்திருந்தேன். பையில் கருவாடு இருக்கிறது என்று நினைப்பவனுக்கு எந்த வாடையும் கருவாட்டு வாடைதான். பலரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியதும் மேலே சொன்னபடி எழுந்து கும்பிட்டேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் சேர்ந்து சிரித்தேன். தலைமைப் பணிப்பெண் பையைப் பிரிக்காமலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினார். கட்டிய பிறகும் வாடை நிற்கவில்லை. அதையும் கருவாட்டின் வீரியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

4. வாடை அதிகமாக இருந்த பின்பகுதியில்தான் என் மகள் கடைசி வரை நின்றாள். இறங்கும்போது அவளுக்குக் கை நடுங்கியது. பயணிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வாசலில் இருந்து என் மனைவி வடிவாம்பாளுக்குப் போன் செய்து, கருவாட்டால் வந்த அவமானத்தையும் சேர்த்துச் சொன்னேன்.  அவளோ, "கருவாட்டை நீங்க எங்கங்க எடுத்துட்டுப் போனீங்க? அது அரிசி டிரம்மு மேலதானே இருக்கு. பிளேன்ல நாறுனா புள்ளைக்குக் கேவலம்னு நான்தான் எடுத்துட்டு, முறுக்கு டப்பாவை வச்சேன்" என்றாள். பையைத் திறந்து பார்த்தேன். முறுக்குதான் இருந்தது. விமான நிலையச் சோதனையில் என்னை யாரும் ஒன்றும் கேட்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

5. மகள் இப்போது எங்களோடு சுரக்குடியில் இருக்கிறாள். தலைவலி விடவில்லை. டம்ளர் கைநழுவுகிறது. மூன்று மொழியில் தடங்கலில்லாமல் அறிவிப்புச் செய்தவள், கொத்தமல்லி என்ற சொல் வராமல் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். பெரும்பாலான விமானங்களில் உள்ளே மூச்சுவிடும் காற்று எஞ்சின் வழியாகத்தான் வருகிறதாம். எண்ணெய் கசிந்தால் அந்தப் புகையும் கூடவே வந்துவிடுமாம். இதுதான் காரணம் என்று விவரம் இல்லாமல் சொல்ல முடியாது, அன்று எஞ்சினில் கசிவு இருந்ததா என்று கேட்டு வாங்கி வாருங்கள் என்றார்.

6. கேட்டு எழுதினேன். வாடைக்குக் காரணம் பயணி ஒருவரின் உணவுப்பொருள், அதை அவரே ஒப்புக்கொண்டார், ஆகவே சோதனை அவசியப்படவில்லை என்று நிறுவனம் பதில் தந்துள்ளது. ஐயா, அந்தப் பயணி நான். என் வாய்தான் அந்த எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த விமானம் இன்றும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. தை மாதம் வேலைக்குத் திரும்பும்படி என் மகளுக்கும் தாக்கீது வந்திருக்கிறது.

7. ஆகவே, அன்று நான் கேட்ட மன்னிப்பைச் செல்லாததாகக் கருதி, அந்த எஞ்சினையும் உள்ளே வரும் காற்றையும் சோதிக்க உத்தரவிட வேண்டும். கசிவு விவரத்தை மருத்துவருக்குத் தரச் செய்ய வேண்டும். அதுவரை என் மகளை விமானத்தில் ஏற்றக்கூடாது. கருவாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இப்போது மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கிறது. சாட்சியமாகத் தேவையென்றால் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அதனால் தங்கள் அலுவலகத்தில் எழும் வாடைக்கு, இம்முறை உண்மையாகவே, முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் மாவட்டத்தில் விமானமே இறங்குவதில்லை; ஆகாயத்தில் நடந்த குறையை ஆட்சியர் அவர்கள்தான் மேலே சேர்த்துவிட வேண்டும்.

8. பதிலை என் பெயருக்கே அனுப்பக் கோருகிறேன், மகள் பெயருக்கு வேண்டாம். அவள் தினமும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கருவாட்டு வாடைதானேப்பா அது? அப்ப எனக்குச் சரியாப் போயிடும்ல?" நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன். கருவாடு வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை என்பதைத் தங்களுக்கு எழுதிவிட்டேன். அவளிடம் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இடம்: சுரக்குடி
நாள்: 17.11.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கோ. முருகானந்தம்
(எழில்மதியின் தகப்பன்)