காவிக்கு ஒரு சம்மதம்

மலையடி மடம், காஜாங்
8-3-1931

அன்புள்ள புஷ்பவல்லிக்கு ஆசீர்வாதம்.

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகம் என்று எழுதினால் நம்புவேன். ஆனால் நீ அப்படி எழுதமாட்டாய் என்றும் தெரியும். லீவு போட்டுவிட்டு இங்கே வந்ததிலிருந்து இருமல் நின்றுவிட்டது. காலையில் கிணற்றடியில் குளியல், மதியம் ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் மடத்துத் தோட்டத்தில் மண்வெட்டி. ரயில்வே ஸ்டோரில் பேனா பிடித்த கிராணியின் கை காய்த்துப் போய்விட்டது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

கலா போன பிறகு அந்த வீட்டில் நான் தூங்கவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மறுவாரமே சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துரை பேசுவது காதில் விழாது. வீட்டுக்கு வந்தால் அவள் கவுன் கொடியில் கிடக்கும். நீயும் எடுக்கமாட்டாய், நானும் எடுக்கமாட்டேன். இங்கே அப்படி எதுவும் கண்ணில் படுவதில்லை. மனம் கொஞ்சம் அடங்குகிறது.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மடத்துச் சாமி எனக்குக் காவி கொடுக்க ஒப்புக்கொண்டார். மடத்தில் ஒரு முறைமை மட்டும் உண்டு. பெண்டாட்டி உள்ளவன் அவள் தன் கைப்பட எழுதிய சம்மதத்தைக் கொண்டுவர வேண்டும். "அவ கண்ணீர்ல நனைஞ்ச துணிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்கிறார். நாலு வரி எழுதி அனுப்பு. என்னை வெறுக்காதே. உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உன் அன்புள்ள,
அய்யாவு


ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
15-3-1931

என் உயிருக்கு உயிரானவருக்கு அடியாளின் வணக்கம்.

கடிதம் வந்தது. இருமல் நின்றதாக எழுதியது சந்தோஷம். இங்கே நாள் தவறாமல் மழை. பின்பக்கத்துக் கூரை ஒழுகுகிறது, அண்டா வைத்துப் பிடிக்கிறேன். நீங்கள் வளர்த்த கறுப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. கிராணி இராமலிங்கம் இரண்டு தடவை வந்து, "அண்ணன் எப்பம்மா வேலைக்கு வராரு? துரை கேக்குறாரு" என்றார். அடுத்த மாதம் வருவார் என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

நாலு வரி கேட்டிருக்கிறீர்கள். பாசாரில் கீரை வாங்கி வரச் சொல்வது மாதிரி அல்லவா கேட்கிறீர்கள்! பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமியிடம் சொன்னேன். "ஏன்டி, பொண்டாட்டியக் கேட்டுத்தான் காவி கட்டணும்னா, பெட்டியத் தூக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்லா!" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனாலும் நான் அவளை அடக்கவில்லை.

கவுனை நான் எடுத்துவிட்டேன். நீங்கள் போன அன்றைக்கே எடுத்துத் துவைத்து மடித்து வைத்தேன். நீங்கள் காஜாங்கில் மனதை அடக்குகிறீர்கள். நான் அதே கொடியில்தான் தினமும் துணி காயப்போடுகிறேன். என் மனது அடங்கியதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இன்னொன்று. காவி கட்டுகிறவர் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்வாராமே. அப்படியானால் நான் குங்குமம் வைக்கலாமா, கூடாதா? சாமியிடம் கேட்டு எழுதுங்கள். வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அடியாள்,
புஷ்பவல்லி


மலையடி மடம், காஜாங்
2-4-1931

அன்புள்ள புஷ்பவல்லிக்கு ஆசீர்வாதம்.

குங்குமம் தாராளமாக வைக்கலாம் என்று சாமி சொன்னார். நான் இருந்தும் இல்லாதவன்; நீ இருப்பவள்.

உன் கோபம் நியாயம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். நான் திரும்பி வந்து உனக்கு என்ன பயன்? சாப்பாட்டுக்கு உட்காருவேன், பாதியில் எழுந்து போவேன். ராத்திரியெல்லாம் வாசலில் நடப்பேன், நீ கதவருகில் நிற்பாய். அதுதானே நடந்தது? ஒருவரையொருவர் பார்த்தால் அவள் முகம்தான் வந்தது. நான் விலகினால் உனக்கும் ஆறும்.

இங்கே உட்கார்ந்தால் மூச்சு சீராக ஓடுகிறது. முந்தாநாள் கலாவை நினைத்தேன், நெஞ்சு அடைக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, புஷ்பம். நடுவில் நிற்பது உன் சம்மதம் ஒன்றுதான். வேலையை விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். கிள்ளானில் உன் அண்ணன் பக்கிரிசாமி இருக்கிறார், உன்னைக் கைவிடமாட்டார்.

காத்திருக்கிறேன்.

அய்யாவு


பிரிக்பீல்ட்ஸ்
19-4-1931

என் உயிரானவருக்கு வணக்கம்.

கோழி பொரித்த குஞ்சுகளைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. கோழி மட்டும் கத்திக்கொண்டு திரிகிறது. கேட்கச் சகிக்காமல் சீதாலெட்சுமிக்குக் கொடுத்துவிட்டேன்.

கலாவை நினைத்தால் நெஞ்சு அடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நமக்கென்று மிச்சம் இருந்தது அந்த அடைப்பு ஒன்றுதான். அதையும் நீங்கள் இறக்கி வைத்துவிட்டீர்கள். இனி நான் ஒருத்தியே சுமக்க வேண்டும்.

அழுது தீர்த்துவிட்டு, நிதானமாகத்தான் இதை எழுதுகிறேன். பிடித்து வைத்த மனுஷன் வீட்டில் இருந்தென்ன, காட்டில் இருந்தென்ன. நீங்கள் கேட்டதைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: "என் புருஷன் காவி கட்டிக்கொள்வதற்கு எனக்குப் பூரண சம்மதம். யாரும் வற்புறுத்தவில்லை. புஷ்பவல்லி." சாமியிடம் கொடுங்கள்.

கிள்ளானுக்குப் போவதைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணி முகத்தில் தினமும் விழிப்பது எனக்கு முடியாது.

புஷ்பவல்லி


மலையடி மடம், காஜாங்
28-4-1931

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

உன் மனது யாருக்கு வரும்! தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் சாமி திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் புருஷன்னா யாரு? பேரு எங்க? நாளைக்கு வேற ஒருத்தன் இதே தாளக் கொண்டாந்து நீட்டுனா?" என்கிறார். என் பெயர் அதில் இருக்க வேண்டுமாம், அதுவும் உன் கையெழுத்திலேயே.

பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். "அத விடறதுக்குத்தானப்பா ரெண்டு பேரும் கெளம்பியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை எழுதிவிடு. பாவம் எதுவும் வந்தால் அது என்னோடு போகட்டும்.

அய்யாவு


பிரிக்பீல்ட்ஸ்
24-5-1931

அய்யாவு அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இந்தப் பெயர்தான்.

சீதாலெட்சுமி, "குடுடி, நான் எழுதித் தர்றேன், அந்தச் சாமிக்கு எங்க தெரியப் போவுது" என்றாள். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில், அரிசிக் கடையில், எங்கே உங்கள் பெயரைக் கேட்டாலும் நான் கலாவைத்தான் பார்ப்பேன். அவள் முன்னால் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாள். காய்ச்சலோடு கொண்டுபோன அன்றுகூட, டிரெஸ்ஸர் கேட்டபோது அவள்தான் சொன்னாள். குரல் எழும்பவில்லை, உதடு அசைந்தது. இப்போது யாரைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன்?

சமையல்கட்டில் நின்று முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு கூசியது. மறுபடி சொன்னேன், அவ்வளவாகக் கூசவில்லை. சொல்லச் சொல்ல, மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் யாரோ ஒருவர் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அழுதேன். பெயரைச் சொன்னதற்காக அல்ல, கூசாமல் போனதற்காக.

தனித் தாள் இதோடு இருக்கிறது. உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர், வேலை எல்லாம் எழுதியிருக்கிறேன். யாரும் குறை சொல்ல முடியாது.

சீதாலெட்சுமியின் தம்பி டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருக்கிறார். அங்கே ஆயாக் கொட்டகையில் ஆள் வேண்டுமாம். பால்வெட்டுக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே போகிறேன். நீங்கள் தேடியது உங்களுக்குக் கிடைக்கட்டும். மனதார எழுதுகிறேன்.

புஷ்பவல்லி


காஜாங்
16-8-1931

அன்புள்ள புஷ்பத்துக்கு,

இது மடத்திலிருந்து எழுதும் கடிதம் அல்ல. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறேன், அங்கேயே படுக்கிறேன். நான் காவி கட்டவில்லை.

நாள் குறித்து, மொட்டை அடித்து, எல்லாம் தயாராகத்தான் இருந்தது. எனக்கு நானே பிண்டம் வைக்கும்போது உன் தாளைப் பக்கத்தில் வைத்து உரக்கப் படிக்கச் சொன்னார் சாமி. எடுத்தேன். உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்தேன். படிக்காமலே தாளை மடித்துவிட்டேன். நீ அந்த வீட்டில் எனக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இத்தனை நாள் மூச்சை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியவில்லை. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. காவியை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

நீ எந்தத் தோட்டத்தில் இருக்கிறாய் என்று கேட்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். நம் வீட்டில் வேறொரு குடும்பம். சீதாலெட்சுமி என்னோடு பேசாமல் உன் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பஸ் பிடித்து டெங்கில் வந்து, அங்கிருந்து நடந்து வந்தேன். கொட்டகையில் வரிசையாக ஏணைகள் தொங்கின. நீ ஒரு பிள்ளையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய். உன் முகம் தெளிவாக இருந்தது. நான் எதற்காகக் காஜாங் போனேனோ அது அந்த முகத்தில் இருந்தது. கூப்பிடப் பயமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

இப்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது, புஷ்பம். கலாவை நினைத்தாலும் அடைக்கிறது, உன்னை நினைத்தாலும் அடைக்கிறது. நீ சொன்ன சுமையில் என் பங்கை வாங்கிக்கொள்ள வருகிறேன். தோட்டத்தில் எந்த வேலை என்றாலும் செய்வேன். வா என்று ஒரு வரி எழுது. என் பெயரைப் போடாதே. 'என் உயிரானவருக்கு' என்று முன்பு எழுதுவாயே, அப்படி எழுது.

உன்,
அய்யாவு


டெங்கில்
30-8-1931

அய்யாவு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வந்து ரப்பர் மரத்தடியில் நின்றதை நான் பார்த்தேன். மனம் பதறும் என்று காத்திருந்தேன். பதறவில்லை. மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

முன்பு மாதிரி எழுதச் சொன்னீர்கள். இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மழையில் நனையாதீர்கள், மறுபடி இருமல் வரும்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி