என் நம்பருக்கு வந்த மெசேஜ்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். புதுப்பட்டினத்தில் பஸ் இறங்கிக் குப்பத்துக்கு நடை. பாதி வழியில் செருப்பு வார் போச்சு.

கர்ப்பிணிகளுக்கு வீடியோ டாக்டர் நாள். டேப்லெட் புதுசு, எல்லாம் சரி. ஆனால் ஓ.டி.பி. வந்தால்தான் டாக்டர் முகம் தெரியும். இங்கே போன் என்பது புருஷனோடு பாலித்தீன் கவருக்குள் கடலுக்குப் போகிற சாமான். "போன் அவராண்ட கீது நர்சம்மா, மத்தியானம் வந்துருவாரு." மத்தியானம் வரைக்கும் டாக்டர் உட்கார்ந்திருப்பாரா? அதனால் ஆறு மாதமாக எல்லோருக்கும் என் நம்பர்தான். இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

கஸ்தூரி. ஏழு மாதம், முதல் பிள்ளை. கால் வீக்கம். பி.பி. 140/90. டாக்டர் திரையிலேயே மாத்திரை எழுதினார், ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். "ரிசல்ட் பாத்துட்டு மெசேஜ் போடுறேன்."

வாங்க: செருப்பு, காபித்தூள், குடைக்குக் கம்பி.

நவ. 5, புதன்

சர்க்கரை நோயாளிகள் முகாம். நாற்பது பேர், நாற்பது ஓ.டி.பி. ஒரு பெரியவர், "டாக்டர் டிவில நல்லா கீறாரு, ஊசி எப்டிப் போடுவாரு?" சிரித்துச் சிரித்து வயிறு வலி.

சாயங்காலம் மெசேஜ் நிரம்பி, போன் நின்று நின்று ஓடியது. வழக்கம்போல மெசேஜ் எல்லாவற்றையும் பார்க்காமலே மொத்தமாக டிக் போட்டு அழித்தேன்.

நவ. 6, வியாழன்

புயல் எச்சரிக்கை. படகு எதுவும் போகவில்லை. முகாம் ரத்து. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை.

கஸ்தூரி ரிசல்ட் என்ன ஆச்சு என்று ஒருமுறை தோன்றியது. வந்தால் தெரியுமே என்று விட்டேன்.

நவ. 7, வெள்ளி

காலையில் கஸ்தூரி புருஷன் சேகர் போன். "இன்னான்னு தெரில நர்சம்மா, தல வலின்னு அழுதுகினே கீது. கண்ணு மங்கலா தெரிதாம்." ஓடினேன். 180/120. 108-ஐக் கூப்பிட்டு, நானும் ஏறி, செங்கல்பட்டு. வழியில் கஸ்தூரியின் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், விரல் வீங்கி வரவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பதிவைப் பார்த்தார். "உடனே அட்மிட் பண்ணச் சொல்லி புதன்கிழமையே மெசேஜ் போயிருக்கே?" சேகர் கவரிலிருந்து போனை எடுத்துத் தேடினான். "எங்களுக்கு ஒண்ணும் வர்லியே மேடம்."

பக்கத்தில்தான் நின்றேன். என் போனைக் கைப்பைக்குள் தள்ளினேன்.

ஆபரேஷன். பெண். ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், இரண்டு நாள் போக வேண்டுமாம். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க மட்டும் வர்லன்னா..." கையை உருவிக்கொண்டேன்.

நவ. 8, சனி

சூப்பர்வைசர் மேடம்: "டவர் இல்ல, மெசேஜ் வர்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

புதன்கிழமை டவர் நன்றாகத்தான் இருந்தது. பேப்பரை எடுத்து வைத்தேன். தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.

நவ. 9, ஞாயிறு

வெயில். செங்கல்பட்டு போனேன். கஸ்தூரி எழுந்து உட்காருகிறாள். குழந்தை மூச்சு விடுகிறது, பால் இன்னும் குழாயில்தான். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

வார்டில் குழந்தைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், நிரப்ப உட்கார்ந்தேன். மொபைல் எண் என்று ஒரு கட்டம்.

"ஒங்க நம்பரையே போடுங்க நர்சம்மா. அவரு போனுக்கு எதுவுமே வர மாட்டேங்குது" என்றாள் கஸ்தூரி.

சேகர் நம்பரைக் கேட்டேன். ஏன் என்றாள்.

சொன்னேன். யார் நம்பர், என்றைக்கு வந்தது, எப்படி அழித்தேன், எல்லாம். கஸ்தூரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது போனில் முப்பத்தோரு மெசேஜ். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பதினொன்று.