சூரியன் வெடித்ததால் வராத பெண்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்கு எழுத வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

என் மகள் செல்வி மலைமேல் சூரியனை ஆராயும் கூடத்தில் இருக்கிறாள். நேற்று பஸ் ஏற வேண்டியவள், போன் செய்தாள். "நைனா, சூரியன்ல பெருசா வெடிச்சிருக்கு. சேட்டிலைட்டுங்களுக்கு எச்சரிக்கை அனுப்பணும். வர முடியாது."

அவள் வரமாட்டாள் என்று சொல்லியும், நல்ல நாள் தப்பக்கூடாதென்று நூம்பல் ஊர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க இன்று வந்துவிட்டார்கள். பையனின் அம்மா கேட்டாள். "சூரியன் இன்னா, ஓடியா பூடும்? நாளைக்கிப் பாத்தா ஆவாதா?"

"வெடிக்கிறத நாளைக்கிப் பாக்க முடியாதும்மா. உங்க புள்ள ஓடமாட்டாரு, அவரை நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றேன்.

மனைவி கிள்ளினாள். கிள்ளட்டும். சின்ன வயதில் கிரகணத்தன்று ஊட்டுக்குள் அடைத்தும், கூரை ஓட்டையால் தரையில் விழுந்த பிறைச் சூரியனைப் பார்த்தவள் என் மகள்.

சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று அந்தம்மா பஜ்ஜித் தட்டைத் தொடவில்லை. பையனோ சிரித்துக்கொண்டே ஒரு பஜ்ஜியைக் கடித்துவிட்டான். அம்மா முறைத்து, கூட்டிப்போய்விட்டாள். இன்னும் பதில் இல்லை.

செல்வி இப்போதுதான் பேசினாள். எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

"அவங்க இன்னா சொன்னாங்க நைனா?"

"ஒரு பஜ்ஜி காலியாச்சும்மா."