கானாங்கத்தை வயிற்றில் அரக்கு இழை

ஜூலை 6, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். தறிக்கு நூலைத் தாரில் சுற்றும் வேலை இன்று கிடையாது. மீன் கழுவும் வேலை உண்டு.

கலா அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து ஒன்பது நாள். ஏழாம் மாதம். சாதம் குமட்டுகிறது. பால் குமட்டுகிறது. கீரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மீன் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது. ரத்தம் ரொம்பக் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் தினமும் மீன்.

வாசலில் மீன்காரம்மா. "சதுரங்கப்பட்டினத்து கானாங்கத்தைமா. காலைல கடல்ல இருந்துது, இப்ப உன் வாசல்ல இருக்குது."

அம்மா: "நேத்தும் இதையேதான் சொன்ன. கண்ணப் பாரு, போன வாரம் செத்த மாதிரி இருக்குது."

"என் கண்ணும் அப்படித்தாம்மா இருக்குது. என்னையும் வேணாம்பியா?"

சதுரங்கப்பட்டினம். நான் நாலாவது படிக்கும்போது அப்பா கூட்டிப் போனார். ஒரே ஒரு தடவை. அலை இழுத்துவிடும் என்று அக்கா என் கவுனைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் ஒரு அடி வைத்தால் அவளும் ஒரு அடி. கிளிஞ்சல் பொறுக்கி வந்தோம். ஒரு வாரம் வீடு முழுக்க நாற்றம். அம்மா தூக்கி எறிந்த அன்று இரண்டு பேரும் அழுதோம்.

மூன்றாவது மீனின் வயிற்றைக் கிழித்தபோது குடலோடு என்னவோ வந்தது. புழு என்று நினைத்துக் கையை உதறினேன். அலசினால் அரக்கு நிறம். விரல் நீளம். கட்டைவிரலில் வைத்து உருட்டினேன், முறுக்கு அவிழ்ந்து இரண்டு புரியாகப் பிரிந்தது. புழுவுக்கு ஏது முறுக்கு?

அடுப்பில் நுனியைக் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், நசுக்கினால் பொடியாகும். இது உருகிக் கடுகு மாதிரி உருண்டு நின்றது. பாலிஸ்டர்.

மீதியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா இரண்டு துண்டு சாப்பிட்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

தூறல். பதினாறு தார் சுற்றினேன். நடுவில் அம்மாவின் போனில் தேடிப் படித்தது:

பாட்டில், கவர், வலை எல்லாம் கடலில் நொறுங்கித் தூளாகிறது.
பாலிஸ்டர் துணி துவைத்தாலே இழை உதிரும்.
மீனில், இறாலில், உப்பில்கூட.
மனுஷ ரத்தத்தில். நஞ்சுக்கொடியில்.
என்ன செய்யும்? இன்னும் முழுதாகத் தெரியவில்லையாம்.

கடைசி வரிதான் பயம். ஆகும் என்று சொன்னாலாவது அழலாம்.

சொன்னால் அக்கா மீனைத் தொடமாட்டாள். வேறு எதுவும் உள்ளே போகாது. சொல்லாவிட்டால்?

பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் வருகிறது. செவிலிமேடு பாலத்தில் அவ்வளவு கூட்டம். பக்கத்துத் தெருவில் பாலிஸ்டர் சேலை நெய்கிறவர்கள் வீட்டில் கழிவு நூல் வாங்கி, அக்காவும் நானும் பந்து பந்தாகச் சுருட்டி ஆற்றில் போட்டோம். எது முதலில் கடலுக்குப் போகும் என்று பந்தயம். "என்னுது ஜெயிச்சிரிச்சு!" என்று அக்கா பாலத்தில் குதித்தாள். எங்கே பார்த்தாளோ. அன்றைக்கு அவள் பின்னல் நனைந்து இடுப்புவரை தொங்கியது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்குத் தொட்டால் சுடுகிறது. பாலாறு கடலில் சேர்வதும் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம்தான்.

ஜூலை 9, புதன்

வெயில். ஐயோ, இன்றைக்கு.

அப்பா தறியில் உட்காரும் முன் ஊதுபத்தி ஏற்றுவார். கைக்குக் கிடைத்த தீப்பெட்டி என்னுடையது. திறந்தால் அரக்கு இழை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலும் அரக்கு. நான் பாவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வேறு தீப்பெட்டி தேடி எடுத்து, நுனியைக் கொளுத்தினார். உருண்டது.

"பட்டுல பாலிஸ்டர் கலந்து பாவு குடுத்துருக்கான்டி!" சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டார். "இருவது வருஷமா அவன்கிட்ட நெய்யறேன். என் கையால கலப்படம் நெய்ய வெச்சிட்டானே! போய் மூஞ்சிலயே போடறேன்."

அம்மா: "ஏங்க, முதலாளிகிட்ட போய் இப்படிப் பேசினா நாளைக்கு யாரு பாவு குடுப்பா?"

"குடுக்கவே வேணாம்!"

சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரியும், கை எழும்பாது. கடைசிப் பரீட்சை வரைக்கும் எழும்பவில்லை. அப்புறம் வகுப்பே இல்லை.

"அப்பா, அது பாவுல இல்ல."

"இன்னா?"

"மீன் வயித்துல."

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். "மீன் வயித்துல எப்படிடி நூலு?" முழுக்கச் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. சொல்லி முடித்துத் திரும்பினால், அக்கா வாசற்படியில். கையில் தட்டு. பாதி வறுவல்.

தட்டைக் கீழே வைத்தாள். பின்பக்கம் போய் வாந்தி.

ஜூலை 10, வியாழன்

அக்கா நேற்று மதியத்திலிருந்து மோர் மட்டும். அதுவும் நிற்கவில்லை. என்னிடம் பேசவில்லை. அம்மா பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கினு ஒரே வார்த்தையில பட்டினி போட்டுட்ட."

தனியாக ஆ.சு. நிலையம் போனேன். கேட்க வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வரிசையில் நின்று வேர்த்ததில் அழிந்துவிட்டது. சிஸ்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சத்தமா சொல்லுமா. ஊசிக்கா?"

"மீனுக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. சொன்னேன். சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மீனை நிறுத்தாதீங்கமா. குடல், செவுளு சுத்தமா எடுத்துடு. கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் நிறைய அங்கதான் தங்கும். பொடி மீனை அப்படியே முழுசா தின்னா வயித்துல இருக்கறதும் சேர்ந்து போவும். சூடான கொழம்ப கவர்ல வாங்காத, டீயும்தான்."

"அப்ப குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா சிஸ்டர்?"

"ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன், ஆகும்னும் சொல்ல மாட்டேன். பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் பாத்துக்கினுதான் இருக்காங்க. ஆனா ரத்தம் இல்லாம பிரசவத்துக்கு வந்தா இன்னா ஆகும்னு எனக்கு நல்லா தெரியும். அவளைக் கூட்டிக்கினு வா."

சாயங்காலம் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிஸ்டர் என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். பேருந்தில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கனம். நன்றாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி மேகம். மீன்காரம்மாவிடம் இன்று நெத்திலி மட்டும்.

அக்கா உள்ளேயிருந்து: "நெத்திலியா?" நாலு நாளில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு.

அம்மா: "பொடி மீனு. இதையெல்லாம் எவ உக்காந்து வயித்தக் கிழிப்பா?"

முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையைக் கிள்ளி, நகத்தால் வயிற்றைப் பிளந்து, கறுப்பாக நூல் மாதிரி இருப்பதை வழித்து, அலசி, அடுத்தது. முடிக்க ஒன்றரை மணி நேரம். அம்மா திட்டிக்கொண்டே மசாலா அரைத்தாள். எண்ணெய் சத்தம் கேட்டதும் அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் மீனைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "இதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இது?"

"அதையும்."

"பொய் சொல்லாதடி. உன் கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் இருக்கும்ல? சிஸ்டர் சொன்னாங்களே."

"தெரிஞ்ச வரைக்கும் பாத்தேன் அக்கா."

என் நகக்கண்ணைப் பார்த்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பதினேழு சாப்பிட்டாள்.