கை வாய்க்கு வரும் தூரம்

வியாசர்பாடி
9 ஜூன் 2025

தீனா,

மகிழினியின் கையைக் கெடுத்தது நீ. கோச் இல்லை, ஸ்கூல் இல்லை. நீ.

போனில் சொன்னால் "நெட் சரியில்ல மலரு" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஒருமுறை இறங்கிவிட்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் டீ போட ஃப்ரீசரைத் திறந்தால் பால் பாக்கெட் இல்லை. மகி மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், அந்த வெயிலில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு. விலக்கிப் பார்த்தேன். கட்டியாகிப்போன பால் பாக்கெட்டை முழங்கையில் வைத்து, என் பழைய பாவாடை நாடாவால் கட்டியிருந்தாள்.

"இன்னாடி இது?"

"ஒன்னுமில்லம்மா. சும்மா."

"சும்மா யாராச்சும் பால் பாக்கெட்ட கையில கட்டுவாங்களா?"

"நைனாதான் சொல்ச்சு. ஐஸ் வெச்சிக்கோ, கோச்சுக்கு காட்டிக்காத, காட்டுனா ஒக்கார வெச்சிடுவாங்கன்னு."

பதினாலு வயசுப் பெண்ணுக்கு ஒரு அப்பன் ஏழு கடல் தாண்டி வீடியோ காலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பேஸ்பாலில் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வளைத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். மைதானத்துக்குப் போய் கோச் பாலகணேஷைக் கேட்டேன். "உங்க பொண்ணு தங்கம்மா. அவ கை இருந்தா போதும், ஆகஸ்ட்ல கப்பு நமக்குத்தான்" என்றார். அவள் இருந்தால் என்று சொல்லவில்லை. கை இருந்தால் என்றார். அவர் பையன் சாயங்காலமானால் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறான்.

பொங்கலுக்கு வந்தாய். முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. ஸ்பூன் இல்லாமல் சாப்பிடவில்லை. "இன்னாடி மலரு, ஒன் ஊட்டுக்காரரு வஞ்சிரத்த ஸ்பூனால குத்திகினு கீறாரு" என்று பக்கத்து வீட்டு ரமாபாய் அக்கா இன்றைக்கும் சிரிக்கிறது. அந்தத் துரைத்தனம் உன்னோடு இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டாம். நிறுத்து என்று அவளிடம் சொல்.

மலர்க்கொடி


ஜெர்மனி
16 ஜூன் 2025

அன்புள்ள மலருக்கு,

ஜெய் பீம். நான் நலம். அங்கே இருவரும் நலம் என்று நம்புகிறேன். மத்தியான ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

இங்கே மழை. இரண்டு மேட்ச் நடக்கவில்லை. நடந்த ஒன்றில் என்னைக் கடைசியில் இறக்கினார்கள். தோற்பது உறுதியான பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். மிச்ச இன்னிங்ஸைப் போட்டு முடித்துக்கொடுக்க யாராவது வேண்டும், பந்து போடுகிற நல்ல பிட்சர்களின் கையை அதற்கு வீணாக்க மாட்டார்கள். நான் போட்டு முடித்துக்கொடுத்தேன். யாரும் திட்டவில்லை.

புதுச் சட்டை தந்திருக்கிறார்கள். புதுசு என்றால் எனக்குப் புதுசு. முன்னால் இருந்தவனுடைய பெயரைப் பிரித்துவிட்டார்கள், ஊசி போன ஓட்டைகள் முதுகில் அப்படியே இருக்கின்றன. வெயிலில் நின்றால் பெயரைப் படிக்கலாம் என்று கேட்சர் சொல்கிறான். கொழும்பிலும் இப்படித்தான், துபாயிலும் செக் நாட்டிலும் இப்படித்தான். வாரம் முழுக்க குடோனில் பார்சல் ஏற்றுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பந்து போடுகிறேன். கிளப் மாடியில் ரூம் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. குறையில்லை.

கை வலிக்காத பிட்சர் கிடையாது. தோள்பட்டையோடு சேர்த்துச் சுற்றச் சொல், சரியாகிவிடும். ஸ்பூன் விஷயத்தை விடு.

மகிக்கு முத்தம்.

தீனா


வியாசர்பாடி
30 ஜூன் 2025

தீனா,

சரியாகவில்லை. வேலை செய்கிற திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லீவு சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். நவ்ரீன் என்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கோபக்காரி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்த வயசுல எலும்பு இன்னும் முழுசா ஒட்டியிருக்காதும்மா. இழுத்து இழுத்து ஒரு சில்லு பேந்துக்கப் பார்க்குது. ஆறு மாசம் பந்தையே தொடக்கூடாது. மீறினா கை மடங்காது, நீட்டவும் வராது" என்றார். மகி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "நைனா நிறுத்துன்னா நிறுத்துறேன். நீ சொன்னா மாட்டேன். ஒனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகை விற்றார். செத்தபோது பாயில் நேராகப் படுக்க வைக்க முடியவில்லை. எண்ணூர்ப் பக்கம் வாக்கப்பட்ட என் அக்கா அனல்மின் நிலையத்துச் சாம்பலை மூச்சில் இழுத்துக்கொண்டே குழந்தை பெற்றாள், குழந்தையும் இருமிக்கொண்டே பிறந்தது. என்னோடு யார்டில் கேட்டில் நிற்கிற லோகநாதன் அண்ணனுக்கு லாரி ஹாரனைத் தவிர எதுவும் கேட்காது. இந்த ஏரியாவில் ஒவ்வொருவரும் உடம்பில் ஒரு பாகத்தைக் கொடுத்துத்தான் சோறு தின்கிறோம். ஊருக்கு கரண்ட் போகிறது, சரக்கு போகிறது, நம்மிடம் எக்ஸ்ரே படம் மட்டும் மிஞ்சுகிறது. என் பெண்ணுக்கும் ஒரு படம் வந்துவிட்டது, பத்தாவது போவதற்குள்ளேயே.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசு. ஒரே வார்த்தைதான். நிறுத்து.

மலர்


ஜெர்மனி
7 ஜூலை 2025

அன்புள்ள மலருக்கு,

நேற்று மகியிடம் பேசினேன். வலித்தால் நிறுத்திவிடு என்று சொன்னேன். "நீ நிறுத்தினியா நைனா?" என்று கேட்டாள். எனக்கு வலித்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் மேட்சில் ஜெயித்தால் ஹாஸ்டல் சீட் கிடைக்கும் என்கிறார் பாலகணேஷ். ஹாஸ்டல், பிறகு காலேஜ், பிறகு வேலை. நீ எழுதியதை மறுக்கவில்லை. எல்லோரும் ஒரு பாகத்தைக் கொடுக்கிறோம். முதுகைக் கொடுத்த உன் அப்பா துறைமுகத்தைத் தாண்டவில்லை. கையைக் கொடுத்த நான் நான்கு நாடு பார்த்துவிட்டேன். கணக்கு என்று பார்த்தால் முதுகைவிடக் கையே மேல். மகியை ஆட விடலாமா என்று பாலகணேஷ் கேட்டார், அப்பா என்ற முறையில் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன். ஸ்பூன் ஸ்டைலுக்காக அல்ல. செக் நாட்டில் இருந்தபோது முழங்கையைத் திறந்து சில்லுகளை எடுத்தார்கள். எல்லாம் வரவில்லை. இப்போது வலது கை வாய்வரை வருவதில்லை, ஒரு ஜாண் முன்னால் நின்றுவிடுகிறது. பல் தேய்ப்பது, சட்டைக் காலர் பட்டன் எல்லாம் இடது கைதான். தழும்பு தெரியும் என்பதால் முழுக்கைச் சட்டை. பந்து போடுவதற்கு அவ்வளவு மடங்கத் தேவையில்லை, அதனால் வேலை ஓடுகிறது.

இதை மகியிடம் சொல்லாதே. பயம் வந்துவிட்டால் பந்து நேராகப் போகாது.

இங்கே மழை விட்டிருக்கிறது.

தீனா


வியாசர்பாடி
18 ஆகஸ்ட் 2025

தீனா,

உன் மகள் ஜெயித்தாள். தெரிந்திருக்கும், பாலகணேஷ் உனக்கு வீடியோ அனுப்பியிருப்பார். அரையிறுதி காலையில், இறுதி மத்தியானம், இரண்டிலும் அவளையே போட வைத்தார். நான் தடுக்கப் போனேன். "அப்பா ஓகே சொல்லிட்டாரும்மா" என்று உன் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். மைதானத்தில் இருந்த எல்லா அம்மாக்களும் அதைக் கேட்டார்கள். வீட்டில் இல்லாத உனக்குக் குரல் இருந்தது. அங்கேயே நின்ற எனக்கு இல்லை.

பிளாக் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். மகி கையில் கிரிக்கெட் பேட். ஏன்டா இப்படி என்று அதைக் கட்டிய பிளாக் பையன் வல்லரசுவைக் கேட்டேன். "அக்கா, பேஸ்பால் பேட்டு உருட்டுக்கட்ட மாரி கீதுக்கா. நம்ம ஏரியாவுல அத்த போட்டா போலீசு வந்து நிப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மை.

மறுநாள் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். தட்டைச் சுற்றி மகி, நான், ரமாபாய் அக்கா. மகி சோற்றைப் பிசைந்தாள். உருண்டை பிடித்தாள். தூக்கினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்து வாயைக் கைக்குக் கொண்டுபோனாள். இரண்டாவது வாய்க்கு அதுவும் முடியவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு ஸ்பூனோடு வந்து உட்கார்ந்தாள்.

"பாரேன், அப்பன மாரியே. தொரசானி" என்றது ரமாபாய் அக்கா.

மகியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்றாய், சொன்னேன். அவள் நம்பவில்லை. "நீ பொய் சொல்ற. வலிச்சதே இல்லன்னு நைனாவே சொல்ச்சு" என்கிறாள். அடுத்த மாதம் தேசிய அணிக்குக் கேம்ப். இரண்டு நாள் ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று பால் பாக்கெட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இப்போது ஒளிப்பதுகூட இல்லை.

டாக்டரம்மா இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். இன்றைக்கு நிறுத்தினாலும் கை திரும்பும் என்கிறார். என் பேச்சு அவளிடம் எடுபடாது. உன் பேச்சும் இனி எனக்கு வேண்டாம். நீ பேசினால் வேறு எதையாவது சொல்லிவிடுவாய்.

வருகிற ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு, நம் நேரம், வீடியோ கால் போடு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள். ஒரு தட்டில் சோறு போட்டு வை. வலது கையால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடு. எதுவும் சொல்ல வேண்டாம். அவள் பார்க்கட்டும்.

மலர்


வியாசர்பாடி
25 ஆகஸ்ட் 2025

தீனா,

நேற்று ஒரு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாய். கேமரா போடவில்லை. "நெட் சரியில்ல, குரல் மட்டும்தான் வருது" என்றாய். கப்பைப் பற்றிக் கேட்டாய். கேம்ப் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றாய். அங்கே வெயில் அடிக்கிறது என்றாய். மகி ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்பூனுமாக எல்லாவற்றுக்கும் "ம்" சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

என் போன கடிதத்துக்குக் கீழே வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் இருக்கிறது. படித்துவிட்டாய்.

வருகிற திங்கட்கிழமை அவள் கேம்ப்புக்கு பஸ் ஏற வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான். அன்றைக்கும் ஒரு மணிக்குத் தட்டு போட்டு உட்கார்ந்திருப்போம்.

கேமராவைப் போடு. கையால் சாப்பிடு.

மலர்க்கொடி